உட்கார்ந்த நேரம்

செப்டம்பர் 22, 2025, திங்கள்

இந்த நோட்டு டாக்டர் எழுதச் சொன்னது. மகள் ஜெசிந்தாவின் பழைய கணக்கு நோட்டு. எழுதிய ஆறு பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை ஐந்தே காலுக்குக் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். திருவொற்றியூர் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை. காய்ச்சல் இல்லை, தலைசுற்றல் இல்லை. காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஒரு பூக்காரம்மா கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டார். கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தாமதம். இருபது நிமிஷம்.

அன்றைக்கே தப்பும் நடந்தது. கேட்டில் என் வேலை, வருகிற டிரெய்லரில் இருக்கும் பெட்டியின் எண்ணையும், கதவில் பூட்டியிருக்கும் சீலின் எண்ணையும் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றி, சீட்டு அடித்துக் கொடுப்பது. பெட்டி எண்ணைத் தப்பாக ஏற்றினால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். சீல் எண் தப்பானால் அதற்குத் தெரியாது. எட்டை ஆறு என்று ஏற்றிவிட்டேன். வண்டி துறைமுக கேட் வரை போய்த் திரும்பி வந்தது.

இன்று கிளினிக்கில் டாக்டர் ஷரீஃபுன்னிசா பிரஷர் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, அதற்கு மாத்திரை. மற்றபடி ஒன்றும் இல்லையாம். பிறகு சொன்னார்: "சிலிண்டர் தீந்துபோனா அடுப்பைத் திட்டுவீங்களா? நீங்க தீந்துபோயிருக்கீங்கம்மா."

மூன்று விஷயம் சொன்னார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அதனால் வேகமாகச் சொன்னார். ஒன்று, தினமும் பத்து நிமிஷம் கையில் எதுவும் இல்லாமல் உட்கார வேண்டும். போனும் கூடாது, ஜெபமாலையும் கூடாது. இரண்டு, மற்றவர்களுக்குப் பரிமாறுவதற்கு முன் நான் சாப்பிட வேண்டும். மூன்று, வாரத்துக்கு ஒரு வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். உட்கார்ந்த நேரத்தை எழுதி அடுத்த மாதம் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இவ்வளவுதானா? லீவு கேட்கலாம் என்று போனேன். என் கான்ட்ராக்ட் அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்கு முன் லீவு எடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து கேட்கவில்லை.

செப்டம்பர் 23

உட்கார்ந்தது: இல்லை.

செப்டம்பர் 24

உட்கார்ந்தது: இல்லை. கேட் அறையில் ஒரே ஒரு ஸ்டூல்தான். அதன் மேல் பிரின்டர் இருக்கிறது. எத்தனை வருஷமாக இருக்கிறது? நான் சேர்ந்தபோதே இருந்தது. ஷிப்டு எட்டு மணி நேரம். இன்றைக்குத்தான் அந்த ஸ்டூலை ஸ்டூலாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பாத்ரூமில் நான்கு நிமிஷம். போன் கையில் இருந்தது. கணக்கில் சேராது.

செப்டம்பர் 28, ஞாயிறு

டாக்டர் படித்தால் அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் தெருவும் பக்கத்துச் சந்தும் சேர்ந்த முப்பது வீட்டு ஜெபக்குழுவுக்கு அன்பியம் என்று பெயர். ஆறு வருஷமாக நான்தான் தலைவி. அக்டோபர் மாதம் முழுக்க மாதா சொரூபம், அதாவது சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். தினமும் மாலை ஆறரைக்கு எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லி, சொரூபத்தைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டுக்கு நடப்போம். அந்த வீட்டில் சுண்டலோ பன்னோ தருவார்கள். முப்பத்தொன்றாம் தேதி மாலை கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். முப்பது வீடு, முப்பது நாள். ஒரு நாள்கூட மிச்சம் கிடையாது.

இன்று கூட்டத்தில், எந்த நாள் எந்த வீடு என்ற லிஸ்ட்டைப் படித்தேன். முதல் பாராட்டு அடைக்கலமேரி அக்காவிடமிருந்து. காசிமேட்டில் மீன் விற்கிறவர். தலைவி தேர்தலில் என்னிடம் ஐந்து ஓட்டில் தோற்றவர். அதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

"லிஸ்ட்டு நீ, பாட்டு நீ, மெழுகுவத்தி நீ. நாங்க இன்னாத்துக்கு வர்றோம், சுண்டல் துன்னவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் அழுகை வந்தது. சிரிப்பில் சேர்ந்துகொண்டதற்காகவா, அவர் சொன்னதற்காகவா, தெரியவில்லை.

உட்கார்ந்தது: கூட்டத்தில் ஒரு மணி நேரம். கையில் லிஸ்ட்.

அக்டோபர் 1

முதல் வீட்டுக்கு மாதா வந்தாயிற்று. உட்கார்ந்தது: இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டாவது தப்பு. மறுபடியும் சீல் எண். இந்தத் தடவை ஏழு எண்ணில் நடுவில் ஒரு எண்ணையே விட்டுவிட்டேன். துரை ஓட்டுகிற வண்டி. மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்தவன், துறைமுகத்தில் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஜன்னலில் கையை வைத்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, நின்னுகினே தூங்குறியா?" என்றான். கிண்டல்தான். ஆனால் உண்மை. நான் கண்ணைத் திறந்துகொண்டே எங்கேயோ போய்விடுகிறேன்.

மேனேஜர் அலி அக்பர் சார் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற லிஸ்ட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அவர்தான் அனுப்ப வேண்டுமாம். மூன்றாவது தடவை நடந்தால் என் பெயரை அதில் எழுத அவரால் முடியாதாம். "உங்களுக்கு என்னம்மா ஆச்சு? நீங்க இப்படி இல்லையே" என்று கேட்டார்.

ஒன்னும் இல்ல சார்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்டர் சொன்னது இருக்கு, சொல்லியிருக்கலாம். பஸ்ல ஏற முடியாம நின்னேன்னு சொல்லியிருக்கலாம். வாய் தானா "ஒன்னும் இல்ல"ன்னு சொல்லுது. வீட்லயும் அதான். என் வீட்டுக்காரர் கஸ்பார் கடல்ல இருந்து சிக்னல் கிடைக்கும்போது போன் பண்றார், நல்லாருக்கியான்னு கேக்கறார், நல்லாருக்கேன்னு சொல்றேன். பத்து நாள் நடுக்கடல்ல இருக்கிற மனுஷன்கிட்ட வேற என்ன சொல்றது?

அக்டோபர் 9

உட்கார்ந்தது: இல்லை. இந்த நோட்டை எழுதுவதும் இன்னொரு வேலையாகிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். யார்டிலிருந்து மூன்று மணிக்கு வந்து, வீடு கழுவி, சீரியல் லைட் கட்டி, ஐம்பது பேருக்குக் கேசரி கிளறினேன். ஜெசிந்தா உதவட்டுமா என்று கேட்டாள். பிளஸ் டூ, மாதத் தேர்வு, போய்ப் படி என்று சொல்லிவிட்டேன். கேசரி நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை, தீர்ந்துவிட்டது.

நாளை ஆறரைக்கு அடைக்கலமேரி அக்கா வீடு. அவர் வாசல் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். தெருவே பார்க்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

இன்று வேலைக்குப் போகவில்லை. பதினோரு வருஷத்தில்... வேண்டாம், அந்தக் கணக்கை இனி எழுத வேண்டாம்.

நேற்று மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். போனைச் சைலன்ட்டில் போட்டு, மாதா இருந்த மேஜைக்கு முன்னால் பாயை விரித்தேன். பத்து நிமிஷம் என்று நினைத்துப் படுத்தேன். அதுவரைதான் எனக்குத் தெரியும்.

மீதி ஜெசிந்தா சொன்னது. ஆறரைக்கு நாற்பது பேர் மெழுகுவத்தியோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். கதவு உள்பக்கம் பூட்டு. தட்டியிருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள். டியூஷன் விட்டு வந்த ஜெசிந்தா சாவி போட்டுப் பார்த்தாள், தாழ்ப்பாளுக்குச் சாவி என்ன செய்யும். கேஸ் கசிவா, மயக்கமா என்று பேச்சு வந்ததும் பிள்ளை அழ ஆரம்பித்திருக்கிறாள். கதவை உடைக்கலாம் என்று அன்பியத்தில் இருக்கிற ஸ்டானிஸ்லாஸ் கடப்பாரை எடுக்க ஓடினார். அடைக்கலமேரி அக்கா ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்து, மேலே ஏறி, ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"குறட்டை உடுறா. உசுரு கீது" என்று இறங்கினாராம்.

மாதா உள்ளே, ஜனம் வெளியே. எழுப்பித்தான் ஆக வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்குச் சொரூபம் நகராவிட்டால் ஒரு வீட்டுக்கு நாள் போய்விடும். அதற்கு அடைக்கலமேரி அக்கா, போகிறது தன் வீட்டு நாள்தானே, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னலைத் தட்டப் போன ஒருவரின் கையையும் அவர்தான் பிடித்தாராம். பிறகு எல்லாரையும் எங்கள் வாசலிலேயே உட்காரவைத்து, ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் மெல்லிய குரலில் சொல்லவைத்திருக்கிறார். பாட்டு வேண்டாம், அவள் எழுந்துகொள்வாள் என்றாராம். தன் வீட்டிலிருந்து சுண்டல் சட்டியைக் கொண்டுவந்து ரோட்டிலேயே பரிமாறியிருக்கிறார். ஜெசிந்தாவை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் இட்லி கொடுத்திருக்கிறார்.

நான் எழுந்தபோது மணி ஒன்பது பத்து. கதவைத் திறந்தால் வாசலில் உருகி ஒட்டிய மெழுகுத் துளிகள். ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். வாசலில் நாற்பது பேர் ஜெபம் சொன்னது என் காதில் விழவில்லை.

இன்று மாலை மாதா நேராகப் பதினாறாவது வீட்டுக்கு, ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்குப் போய்விட்டார். சொரூபத்தை எடுக்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நின்றுகொண்டேன். சுண்ணாம்பு அடிச்ச சுவர் அப்படியே கீது. எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அந்த அம்மா வாசலைத் தாண்டிப் போவேன்?

உட்கார்ந்தது: இல்லை. படுத்தது ஆறு மணி பத்து நிமிஷம். அதற்குக் கட்டம் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இன்றும் வேலைக்கு லீவு. மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை. அடைக்கலமேரி அக்கா வந்தார், மார்க்கெட்டிலிருந்து நேராக, மீன் கூடையோடு. உட்காருங்கள் என்றேன். நீ முதலில் உட்கார் என்றார். உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வீட்டு நாளை நான் தூங்கித் தொலைத்துவிட்டேன் என்றேன். அவர் பக்கத்தில் கிடந்த விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். என் பக்கம் காற்று வருகிற மாதிரியே வீசினார்.

"முப்பது வூடு நின்னுகினே போறாங்க மாதா. ஒரு நாள் ஒன் வூட்டுல சேத்து இருந்தா அவங்களுக்கு மட்டும் கால் வலிக்காதா?"

பிறகு அலமாரியைக் காட்டி லிஸ்ட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இடுப்பில் சொருகிக்கொண்டார். மீதி நாளுக்கு அவர் பார்த்துக்கொள்வாராம். மெழுகுவத்தியை ஸ்டானிஸ்லாஸிடம் கொடுத்தாயிற்றாம். பாட்டுக்கு மட்டும் நான் வந்தால் போதும், வராவிட்டாலும் போதும்.

கொஞ்சம் வலித்தது. பொய் எழுதக் கூடாது. லிஸ்ட் கையை விட்டுப் போனபோது, நான் இல்லாமலும் நடக்கும் என்பது வலித்தது. படியிறங்கும்போது திரும்பினார். "ஆறு வர்சமா கேக்குறேன், ஒன்னாச்சும் குடுத்தியா நீ? புடுங்க வேண்டியதா பூட்ச்சு."

தலைவிப் பதவிக்காகக் கேட்கிறார் என்றுதான் ஆறு வருஷமும் நினைத்தேன்.

உட்கார்ந்தது: 11.20 முதல் 11.45 வரை. கையில் எதுவும் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

கஸ்பார் நேற்று கரைக்கு வந்தார். வீடு வந்து சேர்வதற்குள் தெருவில் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றார். நீங்கள் கடலில் இருந்தீர்கள் என்றேன்.

"கரைல இருந்தப்போ மட்டும் சொல்லிட்டியா?"

இன்று எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று பஸ்ஸிலிருந்து ஆரம்பித்து. குறுக்கே பேசாமல் கேட்டார். நாளையிலிருந்து, கரையில் இருக்கும் வரை, காலை நாலு மணிக்கு நான் அடிபம்பில் அடிக்கிற தண்ணீரை அவர் அடித்து வைப்பாராம். அவர் இல்லாதபோது ஜெசிந்தா. ஜெசிந்தா இதைக் கேட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை அவளே கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். தண்ணீரிலிருந்து தப்பிக்கத்தான். பரவாயில்லை.

இந்த வாரம் கொடுத்தது இரண்டு வேலை. லிஸ்ட்டைச் சேர்த்தால் மூன்று. லிஸ்ட்டை நான் கொடுக்கவில்லை, அதனால் இரண்டு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. யார்டுக்கு வந்தது மொத்தமே நான்கு வண்டி. அலி அக்பர் சாரும் இல்லை. மூன்றாவது வண்டி போன பிறகு ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கஸ்பார் ஒரு நீல மீன் பெட்டியைக் கழுவிக் கொடுத்திருந்தார். என்ன செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன், அதனால்தான் கொடுத்தார். பிரின்டரைத் தூக்கினேன். நினைத்த அளவு கனம் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தேன். வயர் எட்டியது.

உட்கார்ந்தது: 10.40 முதல் 10.55 வரை, 12.10 முதல் 12.30 வரை. ஜன்னலுக்கு வெளியே வாதாமரம் ஒன்று இருக்கிறது. நின்றால் ஜன்னல் சட்டம் மறைக்கும். உட்கார்ந்தால்தான் தெரியும்.

அக்டோபர் 22, புதன்

அலி அக்பர் சார் வந்தார். நான் ஸ்டூலில் இருந்தேன். எழுந்திருக்கப் போய், எழுந்திருக்காமல் இருந்தேன். மீன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "எட்டு மணி நேரம் நின்னா கண்ணு எண்ணைப் படிக்குது சார், கை வேற எண்ணை அடிக்குது. உக்காந்தா சரியா வருது. டாக்டரும் சொல்லியிருக்காங்க."

கேட்டுக்கொண்டார். உட்காருவதில் ஒன்றும் இல்லை, வண்டி வந்தால் எழுந்து போய்ச் சீலை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதைத்தான் செய்கிறேன் என்றேன். பிறகு, அந்தப் பெட்டி நாறுகிறது, அதை மட்டும் மாற்றுங்கள் என்றார்.

துரை சீட்டை வாங்கி முகர்ந்து பார்த்தான். "யக்கா, ரசீதுல வஞ்சிரம் வாசனை வருது. போர்ட்டுல பூனை தொரத்தப் போவுது."

ரொம்ப நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்துச் சீல் எண்ணை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

அக்டோபர் 24

மழை. டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். முதல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். பதினாறாம் தேதியை முழுக்கப் படித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், இருந்தாலும் படித்தார். ஒரே நாளில் சரியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம், இன்னும் மூன்று மாதமாவது இப்படியே போக வேண்டும் என்றார். பாயும் கணக்கில் சேருமாம்.

அக்டோபர் 27

போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை. கஸ்பார் வீட்டில். குடங்களில் தண்ணீர் நிரம்பியிருந்தது. நான் முதலில் சாப்பிட்டேன். ஜெசிந்தாவின் தக்காளி சாதத்தில் கடுகு கருகியிருந்தது, சொல்லவில்லை. சாயங்காலம் மறுபடியும் அந்தக் களைப்பு வந்தது, கால் மணி நேரம். வந்துவிட்டுப் போனது.

அக்டோபர் 31, வெள்ளி

காலை பதினொன்றுக்கு அலி அக்பர் சார் காகிதத்தை நீட்டினார். வழக்கமாக ஒரு வருஷம் போடுவார்கள், இந்தத் தடவை ஆறு மாதம். தலைமை அலுவலகத்தில் இரண்டு தப்பையும் எழுதி வைத்திருக்கிறார்களாம். அது நியாயம்தான். கையெழுத்துப் போட்டேன், உட்கார்ந்தபடி.

மாலையில் மாதாவைக் கோயிலுக்குத் திருப்பி எடுத்துப் போனோம். முப்பதாவது வீட்டிலிருந்து கோயில் வரை சொரூபத்தைத் தலைவிதான் ஏந்த வேண்டும், அது வழக்கம். சொரூபம் இரண்டடி உயரம், மரத்தில் செய்தது, கை மாற்றாமல் தூக்கினால் தோள் இழுக்கும். ஆறு வருஷமும் கை மாற்றாமல்தான் தூக்கியிருக்கிறேன்.

எங்கள் தெரு முனையைத் தாண்டியதும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் வந்தது. அடைக்கலமேரி அக்கா எனக்கு முன்னால் பாட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தார். தன் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் நடக்க அவர் எடுத்துக்கொண்ட கஷ்டம் முதுகிலேயே தெரிந்தது.

நான் நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதாத குறையாக நின்றார்கள். பாட்டு நின்றது.

"எனக்குக் கை வலிக்குது. கொஞ்ச நேரம் எறக்கி வெச்சுக்கலாமா?"

அன்பியத்தில் யாரும் என் வாயிலிருந்து இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கை வலித்ததும் உண்மைதான். அடைக்கலமேரி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். உள்ளே போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, வாசலில் போட்டார். மாதாவை அதில் வைத்தேன். ஜனம் அப்படியே ரோட்டில் உட்கார்ந்தது. கஸ்பார், ஜெசிந்தா, ஸ்டானிஸ்லாஸ், எல்லாரும். கோயில் மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. அடைக்கலமேரி அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து, மீதி தூரத்துக்கு அவர்தான் சொரூபத்தை வாங்கிக்கொண்டார். கொடுத்தேன்.

உட்கார்ந்தது: பத்து நிமிஷம். நாற்பது பேர்.